வாரம் ஆறு பென்னி

நம் நாட்டுக் கடைவீதிகளில் ஒரு காலத்தில் லங்காஷயர்த் துணி மலிந்து கிடந்தது என்பதை மாணவர்களாகிய நீங்கள் வரலாற்று நூல்களில் படித்திருப்பீர்கள். அத்துணியை நெய்த தொழிலாளர்கள் எதற்காகக் காசு சேர்த்தார்கள் என்பதை அந்நூல்கள் அவ்வளவாகக் கூறுவதில்லை. அதைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள அவ்வட்டாரத்தில் 'வேக்ஸ்' என்றொரு திருவிழா தொன்றுதொட்டு நடந்து வந்தது. அச்சொல்லுக்குக் கண்விழித்தல் என்பது பொருள். ஊர் மாதாகோயிலின் புனிதருக்குரிய நாளுக்கு முன்னிரவில் மக்கள் விழித்திருந்து வழிபடுவார்கள். நம் சிவராத்திரியை நினைவூட்டும் வழக்கம் அது. பஞ்சாலைகள் பெருகிய பின்னும் தொழிலாளர்கள் இவ்விழாவைக் கைவிடவில்லை. நாளடைவில் முதலாளிகள் இணங்கினார்கள். விழா நாட்களில் ஆலையை முழுவதும் மூடிவிட்டு, கொதிகலனைத் துப்புரவு செய்யவும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் அவ்வேளையைப் பயன்படுத்திக் கொண்டார்கள்.

1846இல் பிளாக்பூல் கடற்கரைக்கு இருப்புப்பாதை வந்தது. அதன்பின் வேக்ஸ் விடுமுறை என்றால் கடற்கரை என்றாயிற்று. ஓல்டம் போன்ற நகரங்களில் ஆலைகள் ஒருங்கே மூடப்பட, தெருத் தெருவாக மக்கள் இரயிலேறினார்கள். தங்கும் விடுதிகளில் இடத்துக்கும் சமையலுக்குமே பணம் கொடுத்தார்கள். சாமான்களைத் தாங்களே வாங்கி விடுதிக்காரியிடம் கொடுத்துச் சமைக்கச் செய்தார்கள்.

ஆனால் இதில் ஓர் இக்கட்டு இருந்தது. விடுமுறை நாட்களுக்குக் கூலி கிடையாது. வரவு நின்றுபோகும் அதே வாரத்தில்தான் செலவு மிகுதி. திரும்பி வந்த பின்னும் அடுத்த கூலி கைக்கு வரும் வரையில் அடுப்பெரிய வேண்டுமல்லவா?

இதற்கு அவர்கள் கண்ட வழியே பயணச் சேமிப்புச் சங்கங்கள். ஆலையிலும், மாதாகோயிலிலும், மதுக்கடையிலும் இச்சங்கங்கள் இயங்கின. வாரந்தோறும் சில பென்னிகள் கட்டவேண்டும். விழாவுக்கு முன் மொத்தமும் கைக்கு வரும். வாரம் ஆறு பென்னி கட்டியவருக்கு ஆண்டு முடிவில் 312 பென்னிகள், அதாவது 26 ஷில்லிங்குகள் சேர்ந்துவிடும்.

வங்கியில் போட்டிருக்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். 1861இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தோன்றியது உண்மையே. ஆயினும் அது ஒரு ஷில்லிங்குக்குக் குறைந்த தொகையை ஏற்கவில்லை. பென்னித் தபால்தலைகளைத் தாளில் ஒட்டி, ஷில்லிங் சேர்ந்ததும் கட்டலாம் என்ற ஏற்பாடு 1880இல்தான் வந்தது. மேலும், பக்கத்து வீட்டார் கட்டும்போது நாம் கட்டாதிருக்க முடியாது என்ற கூச்சமே சங்கத்தின் பெரிய பலம் எனக் கருதுகிறேன்.

ஆண்டு முழுதும் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை ஒரே வாரத்தில் கரைப்பது மடமை என்று கூறுவோரும் உண்டு. நான் அக்கருத்துக்கு உடன்படேன். இயந்திரத்துக்கே ஆண்டில் ஒருமுறை ஓய்வு தேவைப்படும்போது, அதை இயக்கும் மனிதனுக்கு வேண்டாவா? அவ்வோய்வை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. பென்னி பென்னியாக அவனே விலைக்கு வாங்கினான். 1938இல் இயற்றப்பட்ட சட்டந்தான் ஊதியத்துடன் கூடிய விடுமுறை பரவலாக வழிவகுத்தது.

இவ்வகைச் சேமிப்புக்கு ஒரு பலவீனமும் உண்டு. பணத்தை வைத்திருப்பவர் நாணயமும் திறமையும் உடையவராக இருக்கவேண்டும். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் செலவுக்காக மாதந்தோறும் பணம் திரட்டிவந்த பேர்பாக் என்ற நிறுவனம் 2006 அக்டோபரில் நொடித்துப்போயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பண்டிகைக்கு இரண்டு மாதங்கள் இருக்கையில், வெறுங்கையோடு நின்றார்கள். பல ஆண்டுகள் காத்திருந்த பின்னும் போட்ட பணத்தில் ஏறத்தாழப் பாதியே அவர்களுக்குத் திரும்பி வந்தது.

நம் ஊர்களிலும் தீபாவளிச் சீட்டுக் கட்டும் வழக்கம் உண்டு. பட்டாசும், பலகாரமும், புதுத்துணியும் அதனால் எத்தனையோ வீடுகளுக்கு வருகின்றன. சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டு ஓடினார் என்ற செய்தியையும் அவ்வப்போது கேட்கிறோம். வீட்டில் இத்தகைய சீட்டுக் கட்டுவோர் இருப்பின், மாணவர்களே, அந்தச் சிறிய அட்டையை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பணம் யாரிடம் இருக்கிறது, வரவு ஒழுங்காகப் பதியப்படுகிறதா, சீட்டு முறைப்படி பதிவானதா என்று கேளுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதுவும் ஒன்றாகும்.