ராமானுஜத்தின் கனவு நகரம்

கே. ராமானுஜம் (1941–1973) சென்னையில் வாழ்ந்த ஓவியர். பேசினால் நாக்குத் திக்கும். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. மனச்சிதைவு நோயும் வாட்டியது. அவருடைய கையின் திறமையைக் கண்டுகொண்டவர், 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக அப்போது இருந்த கே.சி.எஸ். பணிக்கர். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். ராமானுஜத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது.

அங்கே அவர் எழுப்பியது ஒரு கனவு நகரம். பேனாவும் மையும் கொண்டு, இழை இழையாகக் கோடுகளை நெருக்கிப் போட்டு வரைந்தார். மாடமாளிகைகள், வளைந்தேறும் படிகள், பாம்புகள், சிறகு முளைத்த விலங்குகள், அலங்கரித்த பெண்கள். கோயில் கோபுரத்தின் சுதை உருவங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவருக்கு இந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. இவற்றின் நடுவே தொப்பி அணிந்த மனிதன் ஒருவன் அடிக்கடி வருவான். அது ராமானுஜமேதான். ஊரார் ஒதுக்கிய மனிதனை அந்த நகரம் அரசனைப் போல வரவேற்கிறது.

அடிமனத்தைக் கலைக்குள் கொண்டுவரும் முயற்சி உலகுக்குப் புதியதல்ல. பிராய்டின் கனவு ஆய்வுகளில் ஊறிய ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் பாரிசில் மீமெய்யியல் (சர்ரியலிசம்) அறிக்கையை வெளியிட்டார். கொழும்பில், 1943இல் உருவான '43 குழு'வின் முன்னோடி லயனல் வென்ட், ஒரு படத்தின்மேல் இன்னொன்றை ஏற்றியும் படத்தைக் கழுவும்போது மீண்டும் ஒளியைப் பாய்ச்சியும் கனவுச் சாயல் கொண்ட புகைப்படங்களை உருவாக்கினார். இவர்கள் அடிமனத்துக்குள் இறங்க வழி தேடியவர்கள். ராமானுஜம் அதற்குள்ளேயே குடியிருந்தவர்.

ஆனாலும் அந்த ஓவியங்களை நோயின் விளைவு என்று மட்டும் சொல்வது பெரும் அநியாயம். நோய் அவருக்குப் பயத்தையும் தனிமையையும் தந்தது, கோடுகளைத் தரவில்லை. சிறிய தாளிலும் கூட்டம் கலையாமல், கண் தடுமாறாமல், ஒரு மூலையும் வீணாகாமல் படம் நிறைகிறது. ஆண்டுக்கணக்கில் கையைப் பழக்கியவருக்கே அது கைகூடும்.

1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழகத்தின் நவீன ஓவியத்தில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய பெயர்களுள் அவருடையதும் ஒன்று.