சுற்றிய துணியும் தைத்த துணியும்

தமிழில் ஆடையைக் குறிக்கும் பழைய சொற்களில் சில வெட்டுதலிலிருந்து பிறந்தவை. துணித்தது துணி, அறுத்தது அறுவை, துண்டித்தது துண்டு. சங்கப் புலவர் ஒருவரின் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். ஆனால் இந்த வெட்டு தறியோடு முடிந்துபோகும் வெட்டு. தறியிலிருந்து அறுத்தெடுத்த துணி அப்படியே உடம்புக்கு வந்துவிடும்; அதன்பின் உடுத்துபவரின் கைதான் அதற்கு வடிவம் கொடுக்கும். கச்சு, கஞ்சுகம் போன்ற சொற்களும் இருப்பதால் தைத்த ஆடையை நம்மவர் அறியவேயில்லை என்று சொல்லிவிட முடியாது. எனினும் முல்லைப்பாட்டு, பாசறையில் காவல் நிற்கும் யவனரின் சட்டையை 'மெய்ப்பை' என்கிறது. உடம்பைப் போட்டுவைக்கும் பை. தைத்த உடுப்பைச் சற்று விலகி நின்று வியப்போடு பார்த்த ஒரு கண் அந்தச் சொல்லில் இருக்கிறது.

சுற்றும் துணிக்கும் தைக்கும் துணிக்கும் உள்ள இந்த வேறுபாடு, 19ஆம் நூற்றாண்டில் ஓர் அரசாங்கத்தின் சட்டப் பிரச்சினையாகவே ஆனது. தோள்சீலைக் கலகம் என்ற பெயரில் நாம் அறிந்திருக்கும் வரலாறு அது. பெண்கள் மார்பை மறைக்க உரிமை கேட்டார்கள், அரசு மறுத்தது, இறுதியில் இணங்கியது என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. சுருக்கத்தில் விடுபட்டுப்போகும் ஒரு செய்தி உண்டு. தைத்த ரவிக்கையை அரசு தொடக்கத்திலேயே அனுமதித்துவிட்டது. அது தடுத்தது, தோள்மேல் சுற்றிப் போடும் துணியைத்தான். அதையும் எல்லோருக்கும் தடுக்கவில்லை.

இந்தக் கதையைத் தென்காசியிலிருந்து தொடங்குவது வசதியானது. 1801இல் திருநெல்வேலிச் சீமை முழுவதும் கும்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. தென்காசியும் குற்றாலமும் அதில் அடங்கின. ஆனால் தென்காசிக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் அரசருடையது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோதுதான் அது கன்னியாகுமரிப் பகுதியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று செங்கோட்டையிலும் குற்றாலத்திலும் ஒரே சாரலைத்தான் தூவியது. மக்களும் சரக்கும் போய்வந்த வழியும் அதுதான். ஆயினும் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே சாதிவழக்கம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், ஒரு பெண் தன் தோளில் எந்தத் துணியை எப்படிப் போடவேண்டும் என்று அறிவிக்கும் அரசாணை இல்லை. கோட்டுக்கு மேற்கே இருந்தது.

திருவிதாங்கூரின் வழக்கத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். மேலாடை அங்கே வெட்கத்தை மறைப்பதற்கான பொருளாகக் கருதப்படவில்லை. அது மரியாதையின் மொழியாக இருந்தது. தன்னைவிட மேலானவர் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துணியை எடுத்துவிடவேண்டும். நாயர் பெண்கள் நம்பூதிரிகள் முன்னும் கோயிலிலும் மேல்துணியை அகற்றினார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் இன்றும் மேல்சட்டை இல்லாமல்தான் செல்லவேண்டும். நம் ஊர்களில் பெரியவர்களைக் கண்டதும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்ட பழக்கமும் இதே இலக்கணத்தைச் சேர்ந்ததுதான். சுற்றிய துணி நெகிழக் கூடியது. போடலாம், எடுக்கலாம், தாழ்த்தலாம். யார் முன்னால் யார் எடுக்கவேண்டும் என்பதே சமூகத்தின் ஏணிப்படி. ஏணியின் அடியில் இருந்தவர்களுக்கு எடுப்பதற்கென்று ஒரு துணியே இருக்கக்கூடாது என்பது அதன் கடைசி விதி. நாடார், ஈழவர், புலையர் முதலிய சாதிப் பெண்கள் அந்த அடிப்படியில் நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

இந்த இலக்கணத்துக்குள் தைத்த சட்டை அடங்கவில்லை. உடம்போடு ஒட்டித் தைத்த ஒன்றை, எதிரே ஒருவர் வரும்போதெல்லாம் கழற்றமுடியாது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் ஏற்கெனவே குப்பாயம் அணிந்துவந்தார்கள். அவர்கள் அந்த ஏணிக்குப் பக்கவாட்டில் இருப்பவர்களாகக் கருதப்பட்டதால் அது யாரையும் உறுத்தவில்லை. திருவிதாங்கூரின் ரெசிடெண்டாகவும் சிலகாலம் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ 1812இலும் 1814இலும் பிறப்பித்த ஆணைகள் இந்த முன்மாதிரியைத்தான் பற்றிக்கொண்டன. கிறிஸ்தவராக மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நாயர் பெண்களைப்போல் தோளில் மேல்துணி போடக்கூடாது. ஊசிக்கு அனுமதி, மடிப்புக்குத் தடை.

அந்தக் குப்பாயம் எப்படி உருவானது என்பதையும் பார்க்கலாம். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட், சார்லஸ் மால்ட் ஆகியோரின் மனைவியர் 1819ஐ ஒட்டி நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி நடத்தத் தொடங்கினார்கள். எழுத்தோடு தையலும் பாடமாயிற்று. 1821 அளவில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். எலியாஸ் ஹோவின் தையல் எந்திரம் 1846இல்தான் காப்புரிமை பெற்றது. சிங்கரின் எந்திரம் 1851இல். ஆகவே முதல் தலைமுறைக் குப்பாயங்கள் அனைத்தும் கையால் தைத்தவை. குட்டைக் கையும் தளர்ந்த உடலும் கொண்ட எளிய சட்டை அது. இத்தகைய நேர்வெட்டுச் சட்டைக்குத் துணியை இரண்டாக மடித்துக் கழுத்துக்கு வழிவிட்டு, பக்கங்களை மூட்டி, கையை இணைத்தால் போதும். பக்க மூட்டுக்குப் பின்தையல், ஓரங்களுக்கு மடிப்புத்தையல். அக்குளில் மட்டும் ஒரு சிக்கல் வரும். நேராக வெட்டிய கை, தலைச்சுமையைத் தூக்கும்போதும் களத்தில் குனியும்போதும் அங்கேதான் பிடித்துக் கிழியும். சிறு சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்துத் தைப்பது உலகெங்கும் கைத்தையல்காரர்கள் கண்ட பரிகாரம். புடவையை யார் வேண்டுமானாலும் யாரிடமிருந்தும் வாங்கி உடுத்தலாம். அது உடம்பைக் கேட்பதில்லை. சட்டை கேட்கும். தோள் எவ்வளவு, மார்பு எவ்வளவு, கை எவ்வளவு என்று ஒருவர் இன்னொருவரை அளந்தாக வேண்டும். தீண்டத் தகாதது என்றும், இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டியது என்றும் விதிக்கப்பட்ட ஓர் உடம்பை, நூல் பிடித்து அளந்து அதற்கென்று ஒன்று செய்துகொடுத்தது சாதாரணச் செயல் அல்ல.

இதிலே ஒரு முரணும் உண்டு. பள்ளியில் பெண்கள் பின்னிய லேஸ் ஐரோப்பியச் சீமாட்டிகளின் உடைக்கு விளிம்பாகச் சென்றது. அடிமைகளாயிருந்த சில பெண்கள் அந்த வருமானத்தைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் அறிக்கைகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. கடல் கடந்து போகும் மெல்லிய விளிம்பை நெய்த விரல்களுக்கு, தங்கள் தோளில் ஒரு முழத் துணியைப் போட்டுக்கொள்ள உரிமை இல்லை. அந்த ஊசி எல்லையையும் தாண்டியது. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடிக்கு வந்தார். அங்கும் லேஸ் பின்னல் தொடங்கியது. ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை நினைவில் வைத்திருக்கும் தமிழ் வாசகர்கள், அவர் வீட்டுத் திண்ணையில் வளர்ந்த இந்த இன்னொரு இலக்கணத்தையும் நினைத்துக்கொள்ளலாம்.

பிரச்சினை குப்பாயத்தோடு முடிந்திருந்தால் கலகம் வந்திருக்காது. பெண்கள் குப்பாயத்தைப் போட்டுக்கொண்டார்கள். அதன்மேல் சீலையையும் சுற்றிக்கொண்டார்கள். மிஷனரிகள் உடம்பு மறைந்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். பெண்கள் நினைத்தது வேறு. அவர்கள் வாழ்ந்த ஊரில் கௌரவம் என்பது தோள்சீலையின் மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், சந்தைக்கும், கல்யாணத்துக்கும் போகும்போது அந்த மொழியையே அவர்கள் பேச விரும்பினார்கள். 1822இல் கல்குளம் பகுதியில் பெண்களின் மேல்துணி பறிக்கப்பட்டுக் கிழிக்கப்பட்டது. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும் அமைதி நீடிக்கவில்லை. 1827 தொடங்கி மீண்டும் தாக்குதல்கள். ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சிப் பொறுப்பில் இருந்த 1829 பிப்ரவரி 3ஆம் தேதி ஒரு பிரகடனம் வெளிவந்தது. நாடார் பெண்கள், கிறிஸ்தவர்களேயானாலும், தோள்சீலை போடக்கூடாது. குப்பாயம் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று அது திட்டவட்டமாகச் சொன்னது. கிழித்தவர்களின் வழக்கமே அரசின் சொல்லாகிவிட்டது.

மதம் மாறாதவர்களின் எழுச்சியும் இதே காலத்தியது. அய்யா வைகுண்டர் (1809-1851) தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொள்ளச் சொன்னார். அதுவும் சுற்றிக் கட்டும் துணிதான். தைத்த தொப்பியை யாரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். தலைப்பாகை உயர்ந்தோரின் உரிமை என்பதாலேயே அதற்குப் பொருள் இருந்தது.

மூன்றாவது கட்டம் 1858இன் இறுதியில் தொடங்கியது. நவம்பர் 1ஆம் தேதி வெளியான விக்டோரியா அரசியின் அறிக்கையை இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாகப் பொருள்கொண்டார்கள். சந்தைகளில் பெண்களின் ரவிக்கைகள் கிழிக்கப்பட்டன. 1859 ஜனவரியில் வீடுகள் கொளுத்தப்பட்டன. பள்ளிகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. அப்போதைய திவான் மாதவராவ். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் கடுமையாகக் கடிதம் எழுதினார். 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜா உத்திரம் திருநாள் புதிய பிரகடனம் வெளியிட்டார். எந்த மதத்தைச் சேர்ந்த நாடார் பெண்ணும் ரவிக்கை போட்டுக்கொள்ளலாம். முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியை உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்த விதமாகவும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதமாக மட்டும் கூடாது.

ஆடைவரலாற்றில் இத்தனை நுட்பமாக எழுதப்பட்ட சட்டங்கள் அரிது. மறைத்தல் குற்றமல்ல, தைத்தல் குற்றமல்ல, சுற்றுதல்கூடக் குற்றமல்ல. துணியின் மென்மையும் மடிப்பு விழும் விதமும்தான் குற்றம். ஒழுக்கத்தைப் பற்றிய வழக்காக இதைப் பார்த்தவர்கள் வெற்றி கிட்டிவிட்டது என்று எண்ணினார்கள். உடுத்தியவர்களுக்கோ கடைசி வாக்கியம் நன்றாகவே புரிந்தது. அவர்கள் அதை மெல்ல மெல்லப் பொருட்படுத்தாமல் விட்டார்கள். அந்த வாக்கியத்தைச் செல்லாததாக்கியது பெண்களின் அன்றாடப் பழக்கமே.

தைத்த சட்டையின் பயணமும் அதோடு நிற்கவில்லை. சலுகையாகக் கிடைத்த குப்பாயம் அரை நூற்றாண்டுக்குள் விரும்பத்தக்க நாகரிகமாக மாறியது. பின்னாளில் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சராக இருந்த சி. கேசவன் தம் தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார். அவருடைய மாமியார் இளம்பெண்ணாக இருந்தபோது பரிசாகக் கிடைத்த ரவிக்கையை அணிந்ததற்காகத் தாயிடம் வசவு வாங்கினார். பிறகு இரவில், கணவர் வரும் நேரத்தில் மட்டும் அதை அணிந்துகொண்டார். மார்பை மூடுவதே வெட்கக்கேடு என்று கருதிய ஒரு தலைமுறையும், மூடாதிருப்பதே வெட்கக்கேடு என்று கருதிய அடுத்த தலைமுறையும் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கின்றன. 1915இல், செங்கோட்டைக் கணவாயின் மறுமுனையான கொல்லத்தில், பெரிநாட்டுக் கலவரங்களை அடுத்து அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் புலையர் பெண்கள் அடிமையின் அடையாளமாயிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்துவிட்டு ரவிக்கை அணிந்தார்கள். ஒரு விசேஷ நாளுக்கென்று உடுத்திய உடைகளில் அதற்கு ஈடானதை நான் அறியேன்.

1974இல் நியூயார்க்கில் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் அறிமுகப்படுத்திய, இடுப்பில் சுற்றி முடிச்சிடும் உடை உலகப்புகழ் பெற்றது. அது தைத்த உடைதான். ஆனால் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி வரும். இன்று நம் ஊர்களிலும் பழைய பட்டுச்சேலையை வெட்டி விசேஷங்களுக்கு அப்படித் தைத்துக்கொள்கிறார்கள். 1859ஆம் ஆண்டின் பிரகடனத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி ஒருவர் முன் அந்த உடை வந்து நின்றால் அவர் திகைத்துப்போயிருப்பார். சுற்றியதா, தைத்ததா? முரடா, மெல்லியதா? யாரைப்போல?

2019இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலிலிருந்து உடையின் சமூக வரலாற்றைச் சொல்லும் அத்தியாயத்தை நீக்கியது. இந்தப் போராட்டம் அதில்தான் இடம்பெற்றிருந்தது. பாடச்சுமையைக் குறைப்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஒருகாலத்தில் வேற்றரசாக இருந்த செங்கோட்டை இன்று அதன் வட்டங்களில் ஒன்று. பழைய எல்லையைப் பேருந்து சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. உள்ளே அமர்ந்திருக்கும் பெண்கள் ரவிக்கையும் அணிந்திருக்கிறார்கள், தோளில் முந்தானையும் போட்டிருக்கிறார்கள். மன்றோவும் ராணியும் மகாராஜாவும் ஒன்றாகச் சேரவிடாமல் பார்த்துக்கொண்ட இரண்டும் அதுதான்.