0.022: ஒரு பழைய எண்ணோட பயணம்

இந்த எபிசோடுல ராஜா கதை கிடையாது, ஒரு எண்ணோட கதை. 0.022.

1996-ல இட் சாப்ட்வேர் 'க்வேக்' கேமை வெளியிட்டாங்க. மவுஸ் உணர்ற மிகச் சின்ன அசைவுக்குப் பேரு கவுண்ட். ஒரு கவுண்டுக்குப் பார்வை எத்தனை டிகிரி திரும்பணும்னு அவங்க வச்ச எண்தான் 0.022. நாம போடுற சென்சிட்டிவிட்டி இதோட பெருக்கப்படும், அவ்வளவுதான்.

அப்போ பலரும் கீபோர்டை மட்டும் வச்சுதான் ஆடினாங்க. 1997-ல நடந்த ரெட் அனிஹிலேஷன் போட்டியில மவுஸைப் பிடிச்சு ஜெயிச்சவர் 'த்ரெஷ்' என்கிற டென்னிஸ் ஃபாங். பரிசு, க்வேக்கை எழுதின ஜான் கார்மாக்கோட சொந்த ஃபெராரி கார்! அதுக்கப்புறம் யாரு கீபோர்டோட நிப்பாங்க?

1998-ல வந்த ஹாஃப்-லைஃப், க்வேக் இன்ஜின் மேல கட்டினது. அதுக்கு மேல 1999-ல கவுன்டர்-ஸ்ட்ரைக். வீட்டோட சேர்ந்து வந்த பழைய பீரோ மாதிரி அந்த எண்ணும் கூடவே வந்துச்சு. 2023-ல வந்த சிஎஸ் 2-லயும் அதேதான்.

இப்போ கணக்கு. 400 டிபிஐ மவுஸ், சென்சிட்டிவிட்டி 2. ஒரு இஞ்ச் நகர்த்தினா 17.6 டிகிரி. ஒரு முழுச் சுத்துக்கு 52 செ.மீ., பின்னாடி திரும்ப 26 செ.மீ. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்ல கீபோர்டு ட்ரே ஓரத்துல அவ்வளவு இடம் ஏது? (பந்து மவுஸைத் திறந்து அழுக்கை நகத்தால சுரண்டினவங்களுக்கு இந்த வேதனை தெரியும்.) அதனாலதான் அங்க பழகினவங்க சென்சிட்டிவிட்டியை ஏத்தி வச்சாங்க. 'ஹை சென்ஸ்னா கத்துக்குட்டி'ன்னு கிண்டல் பண்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அது ஆட்டத்தோட குறை இல்ல, மேசையோட அளவு.

வல்லத்திராக்கோட்டையில என் சித்தி பையன் வாலரன்ட் ஆடுறான். காலேஜ் டீம் செலக்‌ஷன் வர்ற ஞாயித்துக்கிழமை. யாரோ ஒரு ப்ரோவோட செட்டிங்கைப் பார்த்து 800 டிபிஐ, 0.25-னு போட்டுட்டான். "அண்ணே, பின்னாடி ஆள் வந்தா திரும்புறதுக்குள்ள செத்துர்றேன்"னு புலம்பல். 2020-ல வந்த வாலரன்ட் வேற இன்ஜின், அங்க அடிப்படை எண் 0.07. சிஎஸ் அளவை 3.18-ஆல வகுத்தா இங்க அதே வேகம் கிடைக்கும். ஆனா இவனுக்கு அது பிரச்சினையே இல்ல. 0.25-ல பின்னாடி திரும்ப 33 செ.மீ. வேணும். லேப்டாப் இருக்கிறது சித்தியோட தையல் மெஷின் மேசை மேல. ஸ்கேல் வச்சு அளக்கச் சொன்னேன். மிச்சம் இருந்தது 20 செ.மீ.

அந்த 20-க்குள்ள பாதிச் சுத்து முடியணும்னா 0.41. போன வாரத்துலேர்ந்து அதுலதான் பழகுறான், சித்தி ப்ளவுஸ் தைக்க உட்கார்ற நேரம் போக.