எழுத்துருக் கலப்பு (கண்காட்சிக் கையேடுகளில்)

ஒரே கையேட்டில் வெவ்வேறு குடும்பத்து எழுத்துருக்களைச் சேர்த்து அச்சிடும் முறை. ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தின் கையேடுகள் இதற்குப் பெயர்பெற்றவை. 1945 முதல் 1960களின் தொடக்கம் வரை அதன் இயக்குநராக இருந்த வில்லெம் சாண்ட்பெர்க் (1897–1984) அவற்றில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தாமே வடிவமைத்தார். ஓர் இயக்குநர் அச்சு வேலையில் இந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம்.

19ஆம் நூற்றாண்டுச் சுவரொட்டிகளில் புழங்கிய, கோடுகளின் முனையில் கட்டைப் பாதம் வைத்த தடித்த எழுத்துகளையும் பாதமில்லா எழுத்துகளையும் அவர் அருகருகே நிறுத்தினார். அட்டையில், தாளைக் கையால் கிழித்துச் செய்த எழுத்துகள் வரும். பழுப்புப் பொட்டலத் தாளும் சேரும். இவ்வளவு கலந்தும் பக்கம் குழம்பாததற்குக் காரணம், உருக்கள் அளவிலும் தடிமனிலும் துணிந்து வேறுபட்டதே. ஏறக்குறைய ஒத்த இரண்டைச் சேர்த்தால்தான் அச்சுக்கோப்பவர் தவறிவிட்டதாகத் தோன்றும்.

இந்தக் கைத்திறன் போர்க்காலத்தில் பழகியது. 1943இல் நாஜிகளுக்கு எதிராக ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவகத்தைத் தாக்கத் திட்டமிட்டவர்களுள் ஒருவரான சாண்ட்பெர்க், தலைமறைவாக இருந்தபோது ‘எக்ஸ்பெரிமென்டா டைபோகிராஃபிகா’ என்ற சிறு கைப்பிரதிகளை வெட்டி ஒட்டி உருவாக்கினார்.

சாண்ட்பெர்க்குக்குப் பின், 1964 முதல் இதே அருங்காட்சியகத்தின் கையேடுகளை வடிவமைத்த விம் க்ரௌவெல், இந்தக் கலப்புக்கு மாறாகக் கட்டச் சட்டகத்தையும் சீரான தோற்றத்தையும் கொண்டுவந்தார்.