பந்தும் கோடும் ஆராய்ச்சி மணியும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டுச் சாகணில் குடியேறியவர்கள் நாம். நம்மைப் போலவே ஒரு விளையாட்டு விழாவும் இப்பக்கம் குடிபெயர்ந்து வந்தது. 1997 முதல் 2017 வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் நடைபெற்ற ஏடிபி டென்னிஸ் போட்டி, 2018இல் புனேயின் பாலேவாடி அரங்கிற்கு மாறியது. 2022இல் அங்கே சென்னை வீரர் ராம்குமார் ராமநாதன், ரோகன் போபண்ணாவுடன் இணைந்து இரட்டையர் பட்டம் வென்றார். 2023ஆம் ஆண்டோடு அப்போட்டி புனேயில் முடிவுற்றது.

அவ்வாட்டத்தைக் காண்போர் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. மின்னலெனப் பாயும் பந்து கோட்டிற்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதைத் துணிந்து கூறுவது யார்? பந்தின் விளிம்பு கோட்டைச் சிறிதளவு தொட்டாலும் அது உள்ளே விழுந்ததாகும் என்பது விதி. அச்சிறிதளவைக் காண்பதே அரிது.

நெடுங்காலம் மனிதக் கண்ணே அப்பணியைச் செய்தது. களிமண் தளத்தில் பந்தின் தடம் பதியுமாதலின், நடுவர் இறங்கி வந்து அதனை நோக்கித் தீர்ப்பளிப்பார். புல்தரையிலும் கெட்டித் தளத்திலும் அவ்வசதி இல்லை. 1981இல் விம்பிள்டனில் ஜான் மக்கென்ரோ, தாம் அடித்த பந்து பட்டுக் கோட்டின் சுண்ணத்தூள் பறந்ததென்று நடுவரிடம் வாதிட்டார். சினந்ததற்குத் தண்டனையே பெற்றார். அன்றைய ஆட்டக்காரருக்குக் கூச்சலிட உரிமை இல்லை; முறையிடவோ வழியே இல்லை.

2004ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் செரீனா வில்லியம்ஸ் அடித்த பந்து தெளிவாக உள்ளே விழுந்தது. கோட்டு நடுவரும் அவ்வாறே கொண்டார். தலைமை நடுவரோ அதனை மாற்றி வெளியே என்றார். தொலைக்காட்சி கண்டோர் அனைவரும் பிழையை அறிந்தனர். ஆடுகளத்தில் அதனைத் திருத்த இயலவில்லை. செரீனா தோற்றார்.

இக்குறை தீர வந்ததே 'ஹாக்-ஐ' எனும் பருந்துக்கண். இங்கிலாந்தின் பால் ஹாக்கின்ஸ் இதனை உருவாக்கினார். களத்தைச் சுற்றியுள்ள பல காமிராக்கள் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பந்தின் பாதையைக் கணிக்கும் பொறி இது. 2001இல் கிரிக்கெட்டில் முதன்முதல் பயன்பட்டது. 2006இல் மயாமிப் போட்டியில் டென்னிஸ் ஆட்டக்காரருக்கு முறையிடும் உரிமை கிட்டியது. ஒரு செட்டில் இத்தனை முறைதான் தவறாக முறையிடலாம் என்று எல்லை வகுத்தனர்; முறையீடு சரியானால் அக்கணக்கு குறையாது. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி நம் நினைவுக்கு வரவில்லையா? வலியோனும் எளியோனும் இழுக்கலாம். ஆனால் வீணே இழுப்பவன் இழப்பான்.

காலம் மேலும் மாறியது. 2025இல் விம்பிள்டனும் கோட்டு நடுவரை விடுத்துப் பொறியையே நம்பியது. அவ்வாண்டே ஒரு பாடமும் கிடைத்தது. பாவ்லியுசென்கோவா, சோனே கார்ட்டல் ஆகியோரின் ஆட்டத்தில், பொறி தவறுதலாக நிறுத்தப்பட்டிருந்தது. கார்ட்டல் அடித்த பந்து வெளியே விழுந்தும் பொறி மௌனம் சாதித்தது. நடுவர் அப்புள்ளியை மீண்டும் ஆடச் செய்தார். அந்த ஆட்டப்பகுதியை இழந்த பாவ்லியுசென்கோவா முடிவில் வென்றாராயினும், கழகம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

சாகணில் நம்மிற் பலர் இயந்திரத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர். அளவுகோலையும் அவ்வப்போது சோதித்தல் வேண்டும் என்பதை நாம் அறிவோம். பொறி வந்ததனால் ஐயம் தீர்ந்துவிட்டது என்று கருதி மணியைக் கழற்றிவிடலாகாது. ஐயுற்றவன் அமைதியாக எழுந்து கேட்கவும், கேட்டபின் தீர்ப்பை ஏற்கவும் இடம் இருத்தல் வேண்டும். டென்னிஸ் அரங்கிற்கு மட்டுமன்று, நம் சங்கக் கூட்டத்திற்கும், நம் பிள்ளைகள் ஆடும் தெருவிற்கும் இது பொருந்தும்.