கரிசல் வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் பரிசுப் பெட்டி: ஓர் ஈகை முறையின் வரலாறு

ஏழைப் பிள்ளைகளுக்காகக் குடும்பமாக உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பரிசுப் பெட்டி கட்டும் வழக்கம், இன்றைய வடிவில், 1990இல் வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் நகரில் தொடங்கியது. ருமேனியாவின் அநாதை இல்லங்களில் வாடிய பிள்ளைகளுக்காக டேவ் குக் தம்பதியர் காலிச் செருப்புப் பெட்டிகளில் பொருள்களை நிரப்பி லாரிகளில் அனுப்பினர். 1993இல் அமெரிக்காவின் சமாரிட்டன்ஸ் பர்ஸ் அமைப்பு இப்பணியை ஏற்றது. அதன் பிறகு பல நாடுகளுக்கும் சென்ற பெட்டிகள் 20 கோடியைத் தாண்டிவிட்டன.

இந்த அமைப்புக்குப் பெட்டி கட்டுவதற்கு ஒழுங்கு உண்டு. சுங்கச் சோதனையில் திறந்து பார்ப்பார்கள் என்பதால் மூடிக்குத் தனியாகவும் பெட்டிக்குத் தனியாகவும் வண்ணத்தாள் சுற்ற வேண்டும். ஆண்பிள்ளைக்கா பெண்பிள்ளைக்கா, வயது 2–4, 5–9, 10–14 இவற்றில் எது என்று சீட்டு ஒட்ட வேண்டும். பந்தோ பொம்மையோ ஒன்று, அதைச் சுற்றிப் பென்சில், நோட்டு, பல்துலக்கி என்று நிரப்புவார்கள். 2017 முதல் மிட்டாய்க்கும் பற்பசைக்கும் தடை. கரிசல் ஊரான கோவில்பட்டியில் குடும்பம் ஒன்று பெட்டி கட்ட உட்கார்ந்தால் முதலில் உள்ளே போவது கடலை மிட்டாயாகத்தான் இருக்கும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்துக்கு இந்த விதிப்படி இடமில்லை.

கடல் கடந்து வந்த உதவி நெல்லைச் சீமைக்குப் பழையது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் திருச்சபைப் பெண்கள் கூடித் தைத்த உடைகளும் பொம்மைகளும் பெட்டிகளில் மிஷன் பள்ளிகளுக்குக் கப்பலேறின. முகம் பார்க்காத பிள்ளைக்குக் கொடுக்கும் மனநிலை அப்போதே பழகிவிட்டது. பாளையங்கோட்டையில் இன்றும் கல்லூரியின் பெயராக நிற்கும் சாராள் தக்கர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. 1857இல் அவர் மறைந்தபின் அவர் நினைவாகத் திரட்டிய பணத்தில்தான் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி அங்கே எழுந்தது.

வடக்கே கரிசல் பகுதியில் கதை சற்று வேறு. 1854இல் மிஷனெரி தாமஸ் ராக்லண்ட் வட திருநெல்வேலி ஊர்களில் கூடாரம் அடித்துச் சுற்றி ஊழியம் செய்யத் தொடங்கினார். 1858இல் சிவகாசியில் இறந்தார். அவருக்குத் துணையாகத் தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பிச் செலவையும் தாங்களே ஏற்றன. கொடை வாங்கிய சபைகள் கொடுக்கப் பழகிய தொடக்க காலச் சான்றுகளில் இது ஒன்று. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியபோது இந்தியரின் பணத்திலேயே நடப்பது என்பது கொள்கையாகவே ஆயிற்று. இவ்விரண்டுக்கும் இடையில், 1876–78இல், தாது வருஷப் பஞ்சம் வந்தது. லண்டன் நகர மேயர் திரட்டிய நிதி சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நெல்லைச் சீமையின் நாசரேத்தில் இல்லமும் தொழிற்பள்ளியும் அமைந்தன.

கரிசல் ஊர்களின் சொந்த ஈகை பெட்டியில் அடங்குவதாக இருக்கவில்லை. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஒதுக்கி வைப்பதே அதன் வடிவம். விருதுநகர் சத்திரிய வித்யாசாலை இப்படி வீடுவீடாகச் சேர்ந்த பிடியரிசியால் வளர்ந்தது. அங்கே படித்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல், பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கப்பட்டது. பிடியரிசியில் எந்தக் கை போட்டது எந்தப் பிள்ளைக்குப் போனது என்று யாரும் பிரித்தறிய முடியாது. பரிசுப் பெட்டியோ ஒரு வீட்டின் தேர்வை ஒரே பிள்ளையின் கையில் சேர்க்கிறது. இரண்டு முறைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுவே. மதம் சார்ந்த வேறுபாடு அதற்கு அடுத்ததுதான்.

டிசம்பரில் உதவி ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு மானாவாரி வேளாண்மையே விடை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்தியும் சோளமும் கிறிஸ்துமஸின்போது பெரும்பாலும் காட்டிலேயே நிற்கும். தை, மாசியில்தான் கையில் காசு புரளும். தீப்பெட்டி ஆலைக் கூலி இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. 1920களில் சிவகாசியில் தொடங்கி கோவில்பட்டி, சாத்தூர் வரை பரவிய தொழில் அது. தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கவும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டவும் பிள்ளைகளின் விரல்களை நெடுங்காலம் நம்பியிருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் சிவகாசியையும் உள்ளடக்கித் தொடங்கியது.

இதற்கிடையே வெளிநாட்டு உதவியும் வடிவம் மாறியது. 1959இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்கில் தோன்றிய கிண்டர்நோட்ஹில்ஃபே இந்தியப் பிள்ளைகளை ஆதரிப்பதிலிருந்தே தன் பணியைத் தொடங்கியது. பெட்டிக்குப் பதில் மாதப் பணம் வந்தது. அமெரிக்காவின் கம்பேஷன் அமைப்பும் கிறிஸ்துமஸுக்குப் பணமாகவே திரட்டி, பரிசை அந்தந்த ஊரிலேயே வாங்கித் தரச் செய்தது. பிள்ளையின் தேவையை அருகிலிருப்பவரே அறிவார் என்பதால் இதுவே சிறந்த முறை. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் இந்திய அரசு விதித்த கட்டுப்பாட்டால் கம்பேஷன் அமைப்பு 2017 மார்ச்சில் இந்தியப் பணியை நிறுத்தியபோது சுமார் 1,45,000 பிள்ளைகள் அதன் ஆதரவில் இருந்தனர். அச்சட்டம் பணத்தோடு பொருளையும் பங்களிப்பாகவே கருதுகிறது.

ஆகவே இன்று இவ்வட்டாரத்தில் பரிசு கட்டும் கைகள் பெரும்பாலும் உள்ளூர்க் கைகள்: சபைக் குடும்பங்கள், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், வெளியூரில் வேலை பார்க்கும் உறவினர்கள். பெட்டியின் உள்ளடக்கமும் மாறியாக வேண்டும். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில், கணித உபகரணப் பெட்டி ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசே வகுப்புக்கேற்ப விலையில்லாமல் வழங்குகிறது. வெளிநாட்டுப் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும் எழுதுபொருள்களுக்கு இங்கே அவ்வளவு அவசரமில்லை. அரசு தராதவை, சீருடையல்லாத ஒரு புத்தாடையும், விளையாட்டுச் சாமானும், தின்பண்டமும்தான்.