உலக முடிவுக்கு ஒரு காலைப் பயணம்

கனடாவில் வாழும் பள்ளித் தோழர் ஒருவரிடமிருந்து அண்மையில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. வருகிற ஜனவரியில் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு பன்னிரண்டு நாட்களுக்கு இலங்கை வருகிறார். பெரும்பகுதி யாழ்ப்பாணத்திலே கழியும். "மலைநாட்டுக்கு இரண்டு நாள்தான் ஒதுக்கலாம். ஹோர்ட்டன் சமவெளியை இணையத்தில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் விடுகிறார்கள் இல்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று நீர் எழுதி அனுப்பும்" என்று கேட்டிருந்தார்.

முதலிரண்டு கேள்விகளுக்கும் அரைப் பக்கத்தில் விடை எழுதிவிட்டேன். மூன்றாவது கேள்விக்கான விடைதான் நீண்டு இக்கட்டுரையாயிற்று. அவரைப் போலத் திட்டமிடும் வேறு வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே பதிகிறேன்.

முதலில் நடைமுறை விடயங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களே இச்சமவெளிக்கு உகந்தவை. முதல்நாள் நுவரெலியாவில் தங்கி, மறுநாள் விடியுமுன்னரே புறப்பட வேண்டும். ஏறத்தாழ 32 கிலோமீற்றர் மலைப்பாதை. காலை ஆறு மணியளவில் வாசலில் நின்றால்தான் உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பைப் பனிமூட்டம் மறைக்குமுன் சென்றடையலாம். ஒன்பது, பத்து மணிக்குமேல் அங்கே வெண்மையைத் தவிர வேறெதுவும் தெரியாது. சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வசதியான சப்பாத்தும் தடித்த மேலாடையும் அவசியம். ஜனவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி படிவதுண்டு. பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். புகையிரதத்தில் வர விரும்புவோர் பட்டிப்பொலவிலோ ஒகியவிலோ இறங்கி வாகனம் பிடிக்கலாம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மலையகப் புகையிரதப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. எனவே சேவை நிலவரத்தை விசாரித்தறிந்த பின்னரே பயணத்தை வகுக்க வேண்டும்.

இனி, எதைப் பார்ப்பது?

பெயரிலிருந்து தொடங்குவோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், புல்வெளியும் குட்டைமரக் காடுமாக விரிந்துகிடக்கும் இந்நிலத்தைச் சிங்கள மக்கள் மகா எலிய என்றே அழைத்தனர். பெரும் திறந்தவெளி என்று பொருள் கொள்ளலாம். இங்கே கற்காலக் கருவிகள் கிடைத்துள்ளன. சதுப்புநிலப் படிவுகளிலுள்ள மகரந்தத் துகள்களை ஆராய்ந்தோர், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் இங்கே புல்லை எரித்தும் தானியம் விளைத்தும் வாழ்ந்திருக்கலாம் என்று வாதிட்டுள்ளனர். எல்லா அறிஞரும் அதனை ஏற்றதில்லை; எனினும் மனிதக் காலடி படாத நிலமாக இது இருந்ததில்லை என்பது தெளிவு. அவ்வாறிருந்தும், 1834 இல் வில்லியம் பிஷர், அல்பேர்ட் வொட்சன் என்னும் இரு பிரித்தானியப் படை அதிகாரிகள் இச்சமவெளியைக் 'கண்டுபிடித்ததாக'வே நூல்கள் இன்றும் எழுதுகின்றன. அப்போதைய தேசாதிபதி சேர் றொபேர்ட் வில்மொட் ஹோர்ட்டனின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது.

யார் இந்த ஹோர்ட்டன்? 1831 முதல் 1837 வரை இலங்கையை ஆண்டவர் என்பதோடு சுற்றுலாக் கையேடுகள் நிறுத்திவிடும். கனடாவிலிருந்து வரும் நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது அதற்கு முந்திய கதை. 1820-களில் இலண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான துணைச் செயலாளராக இருந்த ஹோர்ட்டன், வறியவர்களை அரசாங்கச் செலவில் கப்பலேற்றிக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்புவதே வறுமைக்குத் தீர்வு என்று ஓயாது வாதிட்டவர். அதற்கென அமைந்த பாராளுமன்றக் குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். அவருடைய திட்டத்தின்படி 1825 இல் அயர்லாந்தின் ஏழைகள் ஏறத்தாழ 2,000 பேர் மேல் கனடாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களை அழைத்துச் சென்ற பீற்றர் றொபின்சனின் பெயரைத் தாங்கிய ஊர்தான் ஒன்ராறியோவின் பீற்றர்பரோ. ரொறன்ரோத் தமிழர் பலர் வார இறுதியில் போய்வரும் அந்த ஊருக்கும், நம் மலைநாட்டின் இந்தச் சமவெளிக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு.

அயர்லாந்தின் ஏழைக்கு அந்தத் திட்டத்தில் நிலம் கிடைத்தது. ஹோர்ட்டன் இலங்கையை விட்டுப்போன பின்னர், கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1840-களிலிருந்து, தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையாக வந்து சேர்ந்த ஏழைகளுக்கோ லயன் அறை கிடைத்தது. அவர்களை ஹோர்ட்டன் அழைத்துவரவில்லை. அந்தப் பழியை அவர்மீது சுமத்துவதும் நியாயமன்று. ஆனால் ஓரிடத்து வறியவரை வேறோரிடத்துத் தேவைக்காகப் பெயர்க்கலாம் என்ற சிந்தனை அந்தப் பேரரசெங்கும் பரவியிருந்தது. பெயர்க்கப்பட்டவர் எந்த நிறத்தவர் என்பதைப் பொறுத்தே அவர் குடியேற்றவாசியா, கூலியா என்பது முடிவாயிற்று.

சமவெளியின் மற்றப் பெயர்களையும் கவனியுங்கள். சுற்றுப்பாதையில் எதிர்ப்படும் அழகிய அருவி பேக்கர் நீர்வீழ்ச்சி. நுவரெலியாவில் 1848 முதல் 1855 வரை வாழ்ந்து, பின்னர் நைல் நதியின் மூலங்களைத் தேடிச் சென்ற சாமுவேல் பேக்கர் பெயர்பெற்ற வேட்டைக்காரர். வருகையாளர் நிலையமாக உள்ள ஃபார் இன், தோட்டத்துரை ஒருவரின் பெயர் தாங்கிய பழைய வேட்டை விடுதி. அக்கால வேட்டையின் அளவை அறிய மேஜர் றொஜேர்ஸ் என்பவரின் கதை போதும். 1,400 யானைகளுக்குமேல் சுட்டுக்கொன்றவர் என்று எமர்சன் டெனன்ட் தமது இலங்கை நூலில் எழுதியுள்ளார். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். இன்று ஹோர்ட்டன் சமவெளியில் மரைக்கூட்டங்களைக் காணலாம். அதிர்ஷ்டமிருந்தால் சிறுத்தையையும் காணலாம். யானைக்கூட்டம் இல்லை.

யானை போயிற்று, காடு எஞ்சியது எப்படி? கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த காலத்தில், 1873 இல், இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விடுமாறு இலங்கை அரசுக்கு ஆலோசனை கூறினார். அதனையேற்று மேட்டுநிலக் காடழிப்பைத் தடுக்கும் ஆணை பிறந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் இந்த மேட்டுநிலம் தப்பியதற்கு அந்த ஆலோசனை முக்கிய காரணம். 1960-களில் சமவெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிட்டும் பார்த்தார்கள். 1969 இல் இது சரணாலயமாகவும், 1988 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனமாயிற்று. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஓர் அங்கமாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இப்போது உலக முடிவின் விளிம்புக்கு வாருங்கள். காலடியில் நிலம் சட்டென்று அறுந்து ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் சரிகிறது. எல்லோரும் தொலைவில் கடல் தெரிகிறதா என்றே தேடுவார்கள். நான் நண்பரைக் கேட்டுக்கொள்வது, கீழே பாருங்கள் என்பதே. பள்ளத்தாக்கில் தேயிலைப் பச்சை தெரியும்; அது நொன்பரெல் தோட்டம். தகரக் கூரைகள் வரிசையாக மின்னினால் அவை லயன்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் காடு இருப்பதும், கீழே தேயிலை இருப்பதும் இயற்கையின் ஏற்பாடு மட்டுமன்று. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்று அலுவலக மேசைகளில் எடுத்த முடிவுகள் அந்தக் காட்சிக்குள் இருக்கின்றன. மேலுள்ள நிலத்துக்கும் அருவிக்கும் விடுதிக்கும் துரைமாரின் பெயர்கள் வந்தன. கீழேயுள்ள சரிவுகளை வெட்டித் திருத்தி, 1885 இல் நானுஓயாவையும் 1894 இல் பண்டாரவளையையும் 1924 இல் பதுளையையும் எட்டிய புகையிரதப் பாதைக்கு உழைத்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

வாசலில் இன்னுமொன்று நிகழும். யாழ்ப்பாணத்தில் பிறந்த என் நண்பர் கனடியக் கடவுச்சீட்டு வைத்திருப்பதால் வெளிநாட்டவருக்குரிய கட்டணத்தையே செலுத்த வேண்டியிருக்கும். பிறந்த மண்ணில் அந்நியனாகப் பணம் கட்டுவது அவருக்கு மனக்கசப்பைத் தரும் என்பதறிவேன். அந்தக் கசப்போடு ஒரு கணம் கீழேயுள்ள லயன்களை அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். நாட்டைவிட்டு எங்கும் போகாமலே அந்நியராக்கப்பட்டவர்கள் அவர்கள். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. வடக்கின் தமிழ்த் தலைமை அவ்வேளை பிளவுபட்டு, 1949 இல் தமிழரசுக் கட்சி தோன்றியதும் இதனாலேதான். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதாக ஏற்பாடு. இறுதி எச்சமும் தீர்ந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான்.

பல ஆண்டுகளுக்கு முன், செய்தி சேகரிக்கச் சென்ற ஒரு மாலையில், ஒகிய நிலையத்து வாங்கில் முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் தம் அண்ணன் குடும்பத்தை இதே மேடையில் வைத்துத்தான் வழியனுப்பியதாகச் சொன்னார். தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறுவோரைச் சுமந்த அந்த வண்டியை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். நீலகிரியிலிருந்து சில காலம் கடிதம் வந்ததாம், பிறகு நின்றுவிட்டதாம். உலக முடிவைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "இல்லீங்கய்யா. கீழேருந்து பாப்போம். அந்தப் பக்கம் எப்பவும் மேகந்தான்" என்றார். வாழ்நாள் முழுவதும் அதன் அயலில் உழைத்தவருக்கு அங்கே ஏறிப்போக ஒரு காரணம் வாய்த்ததில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மக்களைத் 'தோட்டக்காட்டார்' என்று நாங்கள் அழைத்த காலத்தை நான் அறிவேன். என் வீட்டிலும் அந்தச் சொல் புழங்கியது. நண்பர் வீட்டிலும் புழங்கியது. பின்னர் நாமும் பெயர்ந்தோம். கடவுச்சீட்டுகளுக்காக வரிசைகளில் நின்றோம். அதன் பிறகாவது அவர்களின் கதை நமக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஆகவே நண்பருக்கு எழுதிய திட்டத்தில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். முதல்நாள் காலை சமவெளி; பகலுக்குமேல் ஒகியவுக்கு இறங்கி ஒரு மணிநேரம் அந்தச் சிறிய நிலையத்தில் அமர்ந்திருக்கட்டும். பீற்றர்பரோவின் கதையைத் தம் பிள்ளைகளுக்கு அவர் அங்கேயே சொல்லலாம். இரண்டாம் நாள் நுவரெலியாவில் அவர்கள் விரும்பியபடி படகு விடட்டும். பன்னிரண்டு நாட்களில் ஒரு மணிநேரம் அவ்வளவு பெரிய செலவன்று.